சலவை வண்டிக்கு ஒரு புகைக்குழாய்

என் அத்தானுக்கு இந்த உலகத்தில் எதிரி என்று ஒருவரும் இல்லை. ஒரு சகலை மட்டும் உண்டு. எதிரியாக இருந்தால் என்றைக்காவது சமாதானம் பேசி முடித்துக்கொள்ளலாம். சகலை விஷயம் அப்படியில்லை. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "என்ன சகலை, எப்படி இருக்கீங்க?" என்று சிரித்த முகத்தோடு கேட்கிற மனிதரை என்னதான் செய்வது?

அத்தான் என் பெரியக்காவின் கணவர். அந்தச் சகலை என் சின்னக்காவின் கணவர். முறைப்படி அவரும் எனக்கு அத்தான்தான். ஆனால் ஒரு கதைக்கு ஒரு அத்தான் போதும். அவரைச் சகலை என்றே சொல்லிவிடுகிறேன். தரைக்குப் போடுகிற டைல்ஸ் விற்கிறார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

பெரியக்கா லாண்டரி நடத்துகிறாள். துணி எண்ணுவது, கறை பார்ப்பது, மெஷினில் போடுவது, பணம் வாங்குவது எல்லாம் அவள். நீராவி பிரஸ்ஸுக்கு முன்னால் நின்று வேகிறவன் நான். வெளுத்த துணியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டுபோய் லாட்ஜுகளிலும் கிளினிக்குகளிலும் இறக்கி, அழுக்குத் துணியை ஏற்றிக்கொண்டு வருவது அத்தானின் வேலை. விசிட்டிங் கார்டில் மட்டும் அவர் பெயருக்குக் கீழே 'உரிமையாளர்' என்று இருக்கும். அந்தக் கார்டை அச்சடிக்கக் கொடுத்ததும் அக்காதான்.

பிக்கப் டீசல் வண்டி. பின்பக்கம் கித்தான் கூடு போட்டு, உள்ளே மூட்டை உருளாமல் இருக்கக் கட்டை அடித்திருந்தோம். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு தடவை இருமிவிட்டுக் கிளம்பிவிடும். குணத்தில் தங்கம். வேகத்தில் மட்டும் அதற்கு நம்பிக்கை கிடையாது. அதுவும் மேடு என்றால், "இப்பவே போகணுமா?" என்று யோசிக்கிற மாதிரி முனகும்.

ஊருக்கு வடக்கே அப்படி ஒரு மேடு இருக்கிறது. பாதியில் ஒரு கிளினிக். அது எங்கள் வாடிக்கை. உச்சியில் ஒரு பெரிய ஹோட்டல். அது அக்காவின் கனவு. அந்த ஹோட்டலின் பெட்ஷீட்டுகள் மட்டும் எங்களுக்கு வந்துவிட்டால், மற்ற லாட்ஜுக்காரர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு. அங்கே ஹவுஸ்கீப்பிங் மேடம் என்று ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்க்க அக்கா மேடேறாத மாதம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு இறங்கி வருவாள்.

ஒருநாள் கிளினிக் துணியோடு அத்தான் அந்த மேட்டில் முனகிக்கொண்டு ஏறும்போது, பின்னால் வந்த சகலையின் புது பிக்கப், முழு லோடு டைல்ஸோடு, அவரை முந்திக்கொண்டு போயிருக்கிறது. போனதோடு நிற்காமல், கிளினிக் வாசலில் அத்தான் இறங்கியபோது அந்த வழியாகத் திரும்பி வந்த சகலை வேகத்தைக் குறைத்து, "என்ன சகலை, தள்ளிக்கிட்டா வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். அன்றைய பத்து வார்த்தையில் நாலு வார்த்தை. கேட்டவர் அடுத்த நிமிஷமே மறந்திருப்பார். அத்தானுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"மாப்ள, வண்டிக்குக் கொஞ்சம் பவர் ஏத்தணும்," என்றார் என்னிடம்.

"துணி மூட்டைக்கு எதுக்கு அத்தான் பவர்?"

"ஈரத் துணி வெயிட்டு உனக்குத் தெரியாது."

நாங்கள் ஏற்றுவது காய்ந்த துணி. அதைச் சொன்னால் மச்சினன் மரியாதை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவிடம் அனுமதி வாங்குவதற்கு அவர் ஒரு சொற்பொழிவே தயாரித்துக்கொண்டு வந்தார். சாதாரணமாக ஓட்டும்போது முன்னே இருந்த மாதிரியே இருக்குமாம். தேவைப்படும்போது மட்டும் புலியாக மாறுமாம். டீசலும் கூடக் குடிக்காதாம். அக்கா தலையணை உறையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு இன்ஜினைப் பத்தித் தெரியாது. காலையில கிளம்பணும். வெள்ளைத் துணி வெள்ளையாப் போய்ச் சேரணும். அவ்வளவுதான்," என்றாள்.

ஊர்க் கோடியில் ஒரு மெக்கானிக் இருந்தான். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறப்பான். அதனால் அவனுக்கு லேப்டாப் என்றே பெயர். அவன் வண்டியின் கம்ப்யூட்டரில் என்னவோ திருத்தினான். காற்று உள்ளே போகிற வழியைச் சுத்தம் செய்து பெரிதாக்கினான். அந்தக் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரை மாற்றினான். இன்ஜின் தாங்குகிற அளவுக்குத்தான் ஏற்றியிருப்பதாகவும் இதற்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினான். உண்மையைச் சொல்ல வேண்டும்: வேலை பிரமாதம். வண்டி அதே வண்டி. அதே இருமல். ஆனால் மேட்டில் காலை வைத்தால் சத்தமில்லாமல் ஏறியது. டீசல்கூடக் கொஞ்சம் மிச்சம் ஆனது. அக்காவே ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்து, "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது பெரிய விஷயம்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நல்ல மனிதர்கள் அங்கேதான் நிறுத்துவார்கள்.

அத்தானும் நிறுத்தத்தான் இருந்தார். அவர் கெட்ட நேரம், அந்த வாரமே மேட்டில் சகலையை முந்தினார். முந்திவிட்டு, கிளினிக் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார். சகலை வந்தார். கண்ணாடியை இறக்கினார். "என்ன சகலை, இன்னைக்கு லோடு இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

லோடு முழுசாக இருந்தது. வண்டி சத்தம் போடாமல் முந்தியதால், காலி வண்டி என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். இவ்வளவு செலவு செய்து ஏற்றிய பவர் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அத்தானின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியும் பேப்பரில் பெயர் வராத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பவர் இருந்தா மட்டும் போதாது மாப்ள. இருக்குன்னு தெரியணும்," என்றார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அத்தான் மறுபடியும் லேப்டாப்பிடம் போனார். அவன் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறான். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற பெரிய டர்போ போட்டால் ஆரம்ப இழுவை போய்விடும், இன்ஜின் நன்றாகச் சுற்றினால்தான் அது வேலை செய்யும், ஊருக்குள் ஓட்டுகிற வண்டிக்கு ஆகாது என்று எடுத்துச் சொல்லியிருக்கிறான். அத்தான் காதில் 'பெரிய டர்போ' என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் விழுந்திருக்கிறது. போடு என்று சொல்லிவிட்டார். அதற்கு ஈடாக டீசலையும் கூட்டச் சொன்னார். பாரம் தாங்க கிளட்ச் மாற்றியாயிற்று. மிதித்தால் அந்தக் கிளட்ச் திருப்பி மிதிக்கும். இவை எல்லாவற்றையும்கூட மன்னித்துவிடலாம். கடைசியாக ஒன்று செய்தார். வண்டிக்கு அடியில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போய்க்கொண்டிருந்த சைலன்சர் குழாயை வெட்டி, மேலே திருப்பி, பின்பக்கத் தளத்தில் ஓட்டை போட்டு, கித்தான் கூட்டையும் துளைத்து, டிரைவர் தலைக்குப் பின்னால் வானத்தைப் பார்த்து நிறுத்தினார். கறுப்புக் குழாய். மேலே சாய்வாக ஒரு வாய்.

உலகத்தில் எத்தனையோ பேர் வண்டிக்குப் புகைக்குழாய் வைக்கிறார்கள். மரம் ஏற்றுகிறவன் வைக்கலாம். மண் ஏற்றுகிறவன் வைக்கலாம். வெள்ளைப் பெட்ஷீட் ஏற்றுகிறவர் மூட்டைக்கு நடுவில் புகைக்குழாயை நட்டுவைத்த அதிசயம் எங்கள் வீட்டில்தான் நடந்தது.

அக்கா வண்டியைச் சுற்றி வந்தாள். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"வெப்பம் மேல போயிடும். இன்ஜினுக்கு நல்லது. தினமும் ஓட்டற வண்டிக்கு ஏத்த மாதிரிதான் செட் பண்ணியிருக்கு."

"துணிக்கு?"

"துணி கூட்டுக்குள்ளதானே இருக்கு."

கூட்டில்தான் ஓட்டை போட்டிருந்தார். இரண்டு நாளில் கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து, துண்டெல்லாம் லாரி ஷெட் வாசனை அடிக்கிறது என்று சொன்னாள். அக்கா குழாயைக் கழற்றச் சொன்னாள். அத்தான் "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. வண்டியும் ஊருக்குள் இருமிக்கொண்டு, விக்கிக்கொண்டு, பாட்டரி ரிக்‌ஷாவுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு போனது. ஆனால் நெடுஞ்சாலையில் மிதித்தால், அப்பா, கறுப்பாக ஒரு மேகம் கிளம்பும். அத்தான் பக்கவாட்டுக் கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பார். அந்த மேகத்துக்கு உள்ளே இருப்பது எரியாமல் வீணாய்ப்போன டீசல், அதாவது அவர் காசு, என்பது அவர் பூரிப்பைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஹவுஸ்கீப்பிங் மேடத்திடமிருந்து அழைப்பு வந்தது. ஏற்கெனவே இருந்த சலவைக்காரர்களோடு அவருக்கு என்னவோ தகராறு. ஒரு லோடு வெளுத்துக் கொண்டுவரச் சொன்னார். துணியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். பிளாஸ்டிக் உறை போடக் கூடாது, துணி மூச்சுவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

அக்கா அந்தப் பெட்ஷீட்டுகளைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி வெளுத்தாள். என்னை ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு தடவை பிரஸ் செய்ய வைத்தாள். ஏற்றுகிற நாள் காலையில் அத்தானைக் கூப்பிட்டு, ஹோட்டல் சமையலறையின் கறுப்பு ஏப்ரன்களையும் கால்மிதிகளையும் காட்டினாள்.

"நீங்க முதல்ல இதைக் கொண்டுபோங்க. பெட்ஷீட் பின்னாடி வரும்."

அத்தான் கிளினிக் மூட்டைகளோடு அவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கறுப்பில் கரி படிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவள் நினைத்தது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் போனதும் அக்கா சின்னக்காவுக்குப் போன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் சகலையின் பிக்கப் எங்கள் வாசலில் வந்து நின்றது.

"குடுங்க, ஏத்தலாம்," என்றார் சகலை. ஏன், எதற்கு, உங்கள் வண்டி எங்கே என்று ஒரு கேள்வி கிடையாது.

அது திறந்த வண்டி. அவரிடம் இருந்த தார்ப்பாயில் டைல்ஸ் தூசி அப்பியிருந்ததால் அக்கா அதைக் கிட்டவே சேர்க்கவில்லை. பழைய பெட்ஷீட்டுகளை வெளுத்து வைத்திருந்தாள்; அவற்றை மூட்டைகள் மேல் போர்த்திக் கயிறு கட்டினோம். காற்றில் பறக்காமல் இருக்க என்னை அதன் மேல் குப்புறப் படுத்துக்கொள்ளச் சொன்னாள். அக்கா முன்னால் ஏறிக்கொண்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான மெத்தையில் நான் படுத்ததில்லை.

மேட்டில் பாதி ஏறி, கிளினிக்கைத் தாண்டினோம். அத்தான் அங்கே துணி இறக்கிவிட்டு அப்போதுதான் கேட்டுக்கு வெளியே வந்திருக்கிறார். கண் முன்னால் போவது யார் வண்டி? சகலை வண்டி. வேறு எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

பின்னால் அந்த உறுமல் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அத்தான் சந்தோஷமாக ஹாரன் அடித்தார். டைல்ஸ் கடை ஆள் ஒருவன் மேலே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான், எழுந்து கை காட்டினான் என்று நினைத்தாராம். அவ்வளவு வெள்ளைத் துணியைப் பார்த்துமா தோன்றவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "நான் ரோட்டைப் பார்த்தேன்," என்றார்.

சகலை ஓரம்கட்டி வழிவிட்டார். போட்டி போடவே இல்லை அந்த மனிதர். அத்தான் பக்கத்தில் வந்து, தாண்டி, எங்களுக்கு நேர் முன்னால் போய், காலை அழுத்தி மிதித்தார்.

பகல் போய் இரவு வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். புகை நேராக வந்து என் முகத்தில் அறைந்து, மூக்கில் போய், போர்த்தியிருந்த துணியின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு மூட்டைக்குள் புகுந்தது. நான் இருமிக்கொண்டே கையையும் காலையும் பரப்பி எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு மூடினேன். புகை விலகியபோது தூரத்தில் டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. என் சொந்த அத்தானின் கை. அதை முறுக்கிப் பிழிந்து கொடியில் காயப்போட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

வண்டி நின்றது. அக்கா இறங்கி வந்து மேல் துணியைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப ஏறிக்கொண்டு, "போங்க," என்றாள் சகலையிடம்.

ஹோட்டலின் துணி அறை தரைக்குக் கீழே இருந்தது. அலமாரி அலமாரியாக வெள்ளை. நீளமான மேஜைக்குப் பின்னால் மேடம் நின்றுகொண்டிருந்தார். மூட்டைகளைத் தூக்கி வைத்தோம். அடியில் இருந்தவை எல்லாம் பால் மாதிரி இருந்தன. மேல் அடுக்கில் இருந்தவற்றின் மடிப்புகளில் சாம்பல் நிறத்தில் கோடு. மேடம் ஒரு விரலால் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"இது என்ன?"

"வழியில ஒரு வண்டி முந்திச்சுங்க. முழுக்கப் புகை," என்றாள் அக்கா.

"யார் வண்டி?"

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? எங்களுக்கு முன்னால் போனவர், அதே வேகத்தில் ஹோட்டலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, ஏப்ரன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார் அத்தான். வெற்றிச் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். சிரிப்பு ஒவ்வொரு இடமாக அணைந்தது.

"யாரோ ஒருத்தனுங்க," என்றாள் அக்கா. "யாருன்னே தெரியல."

"இந்த மேட்டுல ஒருத்தன் இப்படித்தான் பண்றான். மாடியில உட்கார்ந்து சாப்பிடறவங்க புகார் சொல்றாங்க. எந்த வண்டின்னு தெரிஞ்சா கேட்லயே நிறுத்திடுவேன். அந்த வண்டிக்காரன்கூடச் சம்பந்தப்பட்ட யாரும் உள்ளே வர முடியாது," என்றார் மேடம். பிறகு அத்தானைக் காட்டி, "இவர் யாரு?" என்று கேட்டார்.

"டிரைவர்," என்றாள் அக்கா.

அத்தான் வாயைத் திறந்தார். விசிட்டிங் கார்டு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

மேடம் அடி மூட்டைகளை மறுபடியும் பிரித்து, தையலையும் விளிம்பையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு. கரி படிஞ்சதைத் திரும்ப வெளுத்து நாளைக்குக் கொண்டுவாங்க. அதுவும் இதே மாதிரி இருந்தா உங்களுக்கே தர்றேன்," என்றார்.

மறுநாள் தந்தார்.

வீட்டில் அத்தான் சண்டை போடாமல் இல்லை. "நீ என்னை யாரோன்னு சொல்லிட்டே" என்று மடிக்கிற மேஜைக்கு முன்னால் நின்று சத்தம் போட்டார்.

"பின்ன புருஷன்னு சொல்லணுமா? சொல்லியிருந்தா ஆர்டர் போயிருக்கும். உங்களுக்கு மரியாதையும் மிஞ்சியிருக்காது. இப்ப ஒண்ணாவது மிச்சம்," என்றாள் அக்கா.

குழாயை அன்றே லேப்டாப் கழற்றினான். தளத்து ஓட்டைக்குத் தகரம் வைத்து அடித்தான். கித்தானுக்கு ஒட்டுப் போட்டோம். ஹோட்டல் கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது என்று வண்டிக்கு வேறு வண்ணம் பூசினோம். டீசலைக் குறைத்துப் புகையை நிறுத்தியாயிற்று. பெரிய டர்போவை மட்டும் மாற்றவில்லை. அதற்கு மறுபடியும் செலவழிக்க அக்கா மறுத்துவிட்டாள். விரட்டினால்தான் அது வேலை செய்யும். விரட்டினால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் மாடியில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் இந்த ஊரிலேயே அதிகப் பவர் உள்ள பிக்கப், அந்த மேட்டில் முன்னைவிட மெதுவாக, மூச்சுக் காட்டாமல் ஏறுகிறது.

வேறு டிரைவர் வைக்கலாமே என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். "சம்பளம் யாரு கொடுக்கறது, அந்த டர்போவா?" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதை வேலைக்கு வைத்துச் சோறு போடத்தான் வேண்டும். மேடத்துக்கு அத்தான் டிரைவர்தான். அவர் முன்னால் அத்தான் உட்காருவதில்லை. அக்காவோடு பேசிக்கொண்டு வருவதில்லை. மூட்டையை எடுத்து வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார். "ரொம்ப நிதானமான ஆளு, நல்லா ஓட்டறார், விட்டுடாதீங்க," என்று மேடமே அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். மேடம் நல்ல மனநிலையில் இருந்தார். அக்காவை உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரரை ஒரு நாள்கூடக் கூட்டிக்கிட்டு வரலையே. என்ன பண்றார்?"

"அவருக்கு வெளியில நிறைய வேலைங்க," என்றாள் அக்கா.

கதவுக்குப் பக்கத்தில் மூட்டையோடு அத்தான் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று நாங்கள் கவனிக்கவில்லை. அவர் காதில் விழுந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அக்காவை "ஏய்", "இந்தா" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"மேடம், இதை எங்க வைக்கட்டும்?" என்று அக்காவைக் கேட்டார்.

"அந்த ஓரமா வைப்பா," என்றாள் அக்கா.

அத்தான் மூட்டையை வைத்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து, மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டுப் படியேறி வெளியே போனார். எனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. அக்கா ரசீதில் கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். பேனா அவள் கையில்தான் இருந்தது.